தொண்ணூற்றைந்தை 105 என்று எழுதிய பையனைப் பற்றி எழுதுங்கள்

தொண்டிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “ஒன்பது வருடமாக ஒன்று முதல் ஐந்து வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதைக் கட்டுரையாக எழுதி ஏதாவது பத்திரிகையில் வெளியிட ஆசை. எதை எழுதுவது, எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது? நான் கணிதப் பட்டதாரி இல்லை. நான் எழுதினால் எடுபடுமா?” கூடவே ஐந்து பக்கத்தில், மீன் சந்தையை வைத்துக் கணக்கு நடத்தியதைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்பியிருந்தார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுபடும் டீச்சர். தொடக்க வகுப்புக் கணக்கைப் பற்றி எழுதத் தேவையான பொருள் உங்கள் கையில் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் இருப்பவரிடம் அது இல்லை. ஒரு பிள்ளை சிலேட்டில் எழுதும் அந்த நொடியில் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். நானும் மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன். எழுத ஆரம்பித்தது பதினைந்தாவது வருடத்தில். இன்னும் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் சொன்ன எத்தனையோ பதில்கள் என் நினைவிலும் இல்லை, எந்தத் தாளிலும் இல்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஐந்து பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். வகுப்பில் சந்தை வைத்திருக்கிறீர்கள், காகிதத்தில் மீன் வெட்டியிருக்கிறீர்கள், பிள்ளைகள் விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். “மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்”, “கற்றல் மகிழ்ச்சியாக அமைந்தது” என்று முடிகிறது. பயிற்சிக் கூட்டத்துக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு இது போதும். ஆனால் படிக்கிற இன்னொரு ஆசிரியருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளை என்ன கணக்குப் போட்டது, எங்கே தடுமாறியது, நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள், நடந்தது என்ன, இவை எதுவும் அதில் வரவில்லை.

நான்காம் பக்கத்தில் மட்டும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “விலைப்பட்டியல் எழுதும்போது இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொண்ணூற்றைந்து ரூபாயை 105 என்று எழுதினான். பின்னர் திருத்தப்பட்டது.”

இந்த வரிதான் உங்கள் கட்டுரை. மற்றதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு இதிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பையன் கவனக்குறைவாக எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். தொண்ணூற்றைந்து என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “தொண்” போனால் மிச்சம் “நூற்றைந்து” போலவேதான் கேட்கும். நம் எண்ணுப்பெயர்களில் ஒன்பது மட்டும் தனிப் போக்கு. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை பத்துகளின் பெயர் எல்லாம் “பது” என்று முடிகிறது. ஆனால் ஒற்றை எண்ணான ஒன்பதும் “பது” என்றுதான் முடிகிறது. பத்துகளின் வரிசையில் வர வேண்டிய 90, “நூறு” என்று முடிகிறது. நூறுகளின் வரிசையில் வர வேண்டிய 900, “ஆயிரம்” என்று முடிகிறது. ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 9000 வந்ததும் ஒன்பதாயிரம் என்று ஒழுங்குக்குத் திரும்பிவிடுகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஒன்பதோடு பத்தும் நூறும் சேர்ந்தால் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகும் என்று தனியாக விதி சொல்லியிருக்கின்றன. இலக்கணமே தனி விதி போட்டுச் சொல்ல வேண்டியிருந்த இடத்தில் ஏழு வயதுப் பிள்ளை தடுக்கி விழுந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

சரி, இது ஒரு ஊகம். கட்டுரை ஆக வேண்டுமென்றால் நீங்கள் அந்தப் பையனிடம் திரும்பிப் போக வேண்டும். அவனை உட்கார வைத்து 85, 95, 105, 89, 90, 900 என்று கலந்து சொல்லி எழுதச் சொல்லுங்கள். எண்பத்தைந்தைச் சரியாக எழுதி தொண்ணூற்றைந்தில் மட்டும் தவறினால் சிக்கல் பெயரில் இருக்கிறது. எண்பத்தைந்தையும் 805 என்று எழுதினால் சிக்கல் இடமதிப்பில். பிறகு நூற்றைந்துக்கு என்ன எழுதினான் என்று பாருங்கள். அதற்கும் 105 என்றுதான் எழுதியிருப்பான். இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாதீர்கள். அவன் யோசிக்கிற அந்த அரை நிமிடம் நமக்குக் கையெல்லாம் பரபரக்கும், ஏதாவது குறிப்புச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. அப்புறம் குச்சிக் கட்டுகளைக் கொடுத்து தொண்ணூற்றைந்து குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்பது கட்டும் ஐந்து உதிரியும் எடுத்தால் அவனுக்கு எண் தெரிகிறது, எழுத்துக்குப் போகும் வழிதான் குழம்புகிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. உங்கள் கட்டுரை அதைச் செய்து காட்டினால் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பதிவு செய்கிறோம். ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பதிவு சொல்லும். அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை நீங்கள் எழுதினால்தான் தெரியும்.

ஒரே பிள்ளையை வைத்துக் கட்டுரையா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அட்டவணை வேண்டும், சதவீதம் வேண்டும், முன்தேர்வு பின்தேர்வு வேண்டும் என்று பி.எட். செயலாய்வில் பழகிவிட்டோம். இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரேசில் நாட்டில் ரெசிஃபி என்ற கடற்கரை நகரம். அங்கே தெருவில் இளநீர், காய்கறி விற்கும் பிள்ளைகள் ஐந்தே பேரை வைத்து டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் 1985-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டபோது பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியான விடை நூற்றுக்கு 37-தான். ஒன்று 35 குருசேரோ (அப்போதைய பிரேசில் நாணயம்) விலையில் பத்து தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன் எப்படிப் போட்டான் தெரியுமா? மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று சேர்த்தால் 315, அதோடு ஒன்று சேர்த்தால் 350. பத்தால் பெருக்க ஒரு சைபர் போடும் வித்தை அவனுக்குத் தேவைப்படவில்லை. உலகம் முழுவதும் கணிதக் கல்வி படிப்பவர்கள் நாற்பது வருடமாக இதைப் பேசுகிறார்கள் என்றால், அந்தப் பையன் சொன்னதை அவர்கள் அப்படியே எழுதி வைத்ததால்தான்.

இன்னொன்று அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். டெபோரா பால் என்ற ஆசிரியை பல்கலைக்கழக வேலையோடு ஒரு மூன்றாம் வகுப்புக்கும் தினமும் கணக்கு எடுத்துவந்தார். 1990 ஜனவரியில் ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, ஆறு இரட்டை எண்ணாகவும் இருக்கலாம், ஒற்றை எண்ணாகவும் இருக்கலாம் என்றான். காரணம் கேட்டால், ஆறில் மூன்று இரண்டு இருக்கிறது, மூன்று ஒற்றைதானே என்றான். நாமாக இருந்தால் “உட்கார், ஆறு இரட்டை” என்று முடித்திருப்போம். அவர் வகுப்பையே அதைப் பேசவிட்டார். பிள்ளைகள் மறுத்தார்கள், பத்தை எடுத்துக்காட்டினார்கள், விளக்கினார்கள். கடைசியில் 2, 6, 10, 14 என்று ஒற்றை எண்ணிக்கையில் இரண்டுகளைக் கொண்ட எண்களுக்கு அந்தப் பையன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள், ஒரு வகுப்பு, ஒரு பையன். அவர் அதைப் பதிவு செய்து எழுதியதால் நாம் இங்கே அதைப் பற்றிப் பேச முடிகிறது.

அதனால் நாளையிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். பாடக்குறிப்பு நோட்டு வேறு, இது வேறு. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஐந்து வரி போதும். தேதி, கொடுத்த கணக்கு, பிள்ளை எழுதியது, பிள்ளை சொன்னது, நீங்கள் அப்போது நினைத்தது. பிள்ளை சொன்னதை அது சொன்னபடியே எழுதுங்கள். “அஞ்ச எடுத்து அங்குட்டு வச்சுட்டேன் டீச்சர்” என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும். “ஐந்தை இடம் மாற்றினேன்” என்று நீங்கள் திருத்தினால் அங்கே பிள்ளையின் யோசனை போய் உங்கள் யோசனை வந்துவிடும். தப்பான விடையை அழிக்கும் முன் சிலேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பிள்ளையின் சொல் மறந்து அதன் பொருள் மட்டும்தான் நிற்கும். மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, கடல். நம் பக்கத்திலிருந்து எழுதும் ஆசிரியர்கள் எல்லாரும் மீனையும் படகையும் கொண்டுவந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான். “மூன்று மீனும் நான்கு மீனும் எத்தனை மீன்” என்பதில் மீன் வெறும் அலங்காரம். மீனை எடுத்துவிட்டு மாம்பழம் வைத்தாலும் கணக்கு மாறாது. நம் கரையில் கணக்காகவே இருக்கும் விஷயங்கள் எத்தனையோ உண்டு. ஏலத்தில் கூறு வைத்து விற்பது, வள்ளத்துக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரிப்பது, ஆழத்தைப் பாகத்தில் (இரு கையையும் விரித்த நீளம்) சொல்வது, வலைக்கண் அளவு, வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வரும் மீன்பிடித் தடைக்காலம். இவற்றை எழுதினால் கடலும் வரும், கணக்கும் வரும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்றால் பாதி வகுப்பு ஐந்தில் ஒன்று என்றது. ஐந்து மூன்றைவிடப் பெரிது, அவ்வளவுதான் அவர்கள் காரணம். ரொட்டியை வெட்டிக் காட்டினேன், காகிதம் மடித்தேன், அடுத்த நாள் மறுபடியும் அதே பதில். அப்போது ஒரு பையன் வீட்டில் இறால் எடுப்பவர்கள் என்பது நினைவு வந்து, முப்பது கவுண்ட் இறால் பெரிசா, ஐம்பது கவுண்ட் பெரிசா என்று கேட்டேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. “முப்பதுதான் சார் பெரிசு. கிலோவுக்கு முப்பதுதானே நிக்கும்.” எண் கூடினால் இறால் சிறுக்கும் என்று இவர்களுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. கிலோவை முப்பதாகப் பிரித்தால் ஒன்று, ஐம்பதாகப் பிரித்தால் ஒன்று என்று கரும்பலகையில் எழுதினேன். பின்னம் அங்கேயே வந்து நின்றது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அதுவும் “ஆர்வத்துடன் கற்றனர்” கட்டுரையாகப் போயிருக்கும். அடுத்து, ஐம்பதில் இரண்டு பெரிதா, முப்பதில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். இறால் உவமை இதற்கு மேல் தாங்காது என்றுதான் நினைத்தேன். அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகும் ஒரு பிள்ளை சொன்னாள்: “ஐம்பது கவுண்ட்ல ரெண்டு வச்சா அது இருபத்தஞ்சு கவுண்ட்ல ஒண்ணு மாதிரி சார். அதுதான் கனம்.” ஐம்பதில் இரண்டும் இருபத்தைந்தில் ஒன்றும் சமம் என்பதைச் சமான பின்னம் என்ற சொல்லே தெரியாமல் சொல்லிவிட்டாள். நான் அன்றைக்கு அந்தப் பாடத்தைத் தொடக்கூட இல்லை.

அதற்கடுத்த கேள்வியில்தான் எல்லாரும் விழுந்தார்கள். முப்பது கவுண்ட்டில் ஒன்றையும் ஐம்பது கவுண்ட்டில் ஒன்றையும் சேர்த்துத் தராசில் வைத்தால்? “எண்பதில் ஒன்று” என்றார்கள் கோரஸாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த இறால் வீட்டுப் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: “எண்பது கவுண்ட் பொடி இறாலாச்சே சார். ரெண்டு சேர்ந்து எப்படிப் பொடியாகும்?” சரியான விடை அன்று யாருக்கும் வரவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பின்னத்தின் கீழ் எண்களை, அதாவது பகுதிகளை, அப்படியே கூட்டக் கூடாது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் எழுதிய கட்டுரைகளில் வெளியூர் ஆசிரியர்கள் தேடி வந்து பேசியது இந்த ஒன்றைப் பற்றித்தான். உவமை எங்கே கைகொடுத்தது, நான் எங்கே தப்பாகக் கணித்தேன், எது முடியாமல் நின்றது என்று மூன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தேன்.

எழுதும் விதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்தியிலேயே பிள்ளையும் கணக்கும் வந்துவிட வேண்டும். “கணிதம் அறிவியலின் அரசி” என்று தொடங்கினால் படிப்பவர் அங்கேயே விட்டுவிடுவார். பயிற்சிக் கையேட்டுச் சொற்களைத் தள்ளி வையுங்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு வார்த்தை போதும். நீங்கள் வரைந்த படத்தைவிடப் பிள்ளை எழுதிய சிலேட்டின் படம் நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். நம் பள்ளிகள் சிறியவை. ஊர்ப் பெயரும் வகுப்பும் சொன்னாலே எந்தப் பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரைச் சொல்லாதீர்கள், முகம் தெரியும் படம் வேண்டாம், பெற்றோரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இதைவிட முக்கியமானது, வீட்டுக் கஷ்டத்தை எழுதாதீர்கள். கடலில் போன அப்பா, இலங்கைச் சிறையில் இருக்கும் அண்ணன், கடன், இவையெல்லாம் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன, எனக்குத் தெரியும். ஆனால் 105 என்ற விடையைப் புரிந்துகொள்ள அவை உதவாது. படிப்பவரின் கண்ணீரை வரவழைப்பதற்காகப் பிள்ளையின் துயரத்தை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. அந்தப் பையன் பெரியவனாகி ஒரு நாள் இந்தக் கட்டுரையைப் படிப்பான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நீங்கள் அரசுப் பணியில் இருப்பதால், வெளியாகும் முன் தலைமையாசிரியரிடம் காட்டி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலை வைத்துக்கொள்வது நல்லது. அலுவலகத்தைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை என்றாலும் அந்த நகல் மன நிம்மதி.

எங்கே அனுப்புவது? பத்திரிகைக்கு முன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்த மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகு பேசி எழுதி வைப்பார்கள். நம் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினால் அதில் பாதியாவது நடக்கும். அதே ஆறு எண்களை நான்கு பள்ளியில் நான்கு பேர் சொல்லி எழுத வைத்தால் உங்கள் கட்டுரையின் பலமே வேறு. மஞ்சூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் காட்டுங்கள்.

தமிழில் ஆசிரியர்களுக்காக எழுதுவதென்றால் புதிய ஆசிரியன் இதழ் இருக்கிறது. நாளிதழ்களின் கல்விப் பக்கங்களும் உண்டு, அவற்றுக்குப் பாதியாகச் சுருக்க வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் துளிர் பிள்ளைகளுக்கான இதழ். அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, ஆனால் “ஒன்பது ஏன் இப்படிக் குறும்பு செய்கிறது” என்று பிள்ளைகளுக்கே எழுதினால் அழகாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுத ஒரு துணை கிடைத்தால் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012 முதல் கொண்டுவரும் அட் ரைட் ஆங்கிள்ஸ் இதழ் பள்ளிக் கணிதத்துக்காகவே இருப்பது. அதில் தொடக்க வகுப்புகளுக்காகப் பத்மப்ரியா ஷிராலி எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள், செயல்பாட்டை எவ்வளவு எளிமையாக எழுத முடியும் என்று தெரியும். என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் பிரைமரி டீச்சர் இதழும் வகுப்பறை ஆசிரியர்களின் கட்டுரைகளை வெளியிடுகிறது. எந்த இதழானாலும் இரண்டு இதழ்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

திரும்பி வந்தால் மனம் விட வேண்டாம். நான் அனுப்பிய முதல் மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதன் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: “பிள்ளை என்ன சொன்னது?” எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வரி.

கணிதப் பட்டதாரி இல்லை என்றீர்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-ல் தொகுத்து வெளியிட்டார், 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகமே தொடங்கினார், கடைசிவரை பிள்ளைகளுக்கான கணக்கை எழுதிக்கொண்டே இருந்தார். அவரை நாம் மதிப்பது பட்டத்துக்காக அல்ல, பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே அவர் செய்த வேலைக்காக.

திங்கட்கிழமை அந்தப் பையன் வருவானா? வந்தால் ஆறு எண்ணையும் சொல்லி எழுத வையுங்கள். எண்பத்தைந்துக்கு என்ன எழுதினான், குச்சியில் எத்தனை கட்டு எடுத்தான், இரண்டும் ஒன்றா என்று கேட்டபோது என்ன சொன்னான், இந்த மூன்றையும் சிலேட்டின் போட்டோவோடு எனக்கு அனுப்புங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தை அதை வைத்து ஆரம்பிப்போம்.